129 வண்டுகள்! ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றிய ரைலியின் கதை

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. ஆரஞ்சுக்கும் எலுமிச்சைக்கும் பெயர் போன இடம்.

1887-ம் ஆண்டில் அங்கே தோட்டக்காரர்கள் கோடாரியும் கையுமாக நின்றார்கள். நட்டு, நீர் பாய்ச்சி, பிள்ளையைப் போல வளர்த்த ஆரஞ்சு மரங்களைத் தாங்களே வெட்டினார்கள். வெட்டிக் குவித்துத் தீ வைத்தார்கள்.

காரணம் ஒரு பூச்சி.

அந்தப் பூச்சியை ஒழித்துக் கட்டியது இன்னொரு பூச்சி. மிளகைவிடச் சிறிய ஒரு வண்டு! கடல் கடந்து முதலில் வந்து சேர்ந்தவை 129 வண்டுகள்தான். அந்த 129-ம் பெருகி ஒரு மாநிலத்தின் தோட்டத் தொழிலையே காப்பாற்றிவிட்டன.

அப்படி ஒரு வைத்தியம் உண்டு என்று முன்கூட்டியே நம்பியவர் ஒருவர். அவர் பெயர் சார்லஸ் வாலண்டைன் ரைலி.

படம் வரைந்த சிறுவன்

ரைலி பிறந்தது லண்டன் நகரத்தில். 1843-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ந் தேதி.

சிறு வயதில் பிரான்சு நாட்டிலும், பிறகு ஜெர்மனியிலும் பள்ளிக்கூடத்தில் படித்தார். பாடத்தில் இருந்த ஆசையைவிட அவருக்குப் படம் வரைவதில் ஆசை அதிகம். அதிலும் மனிதர்களை வரைவதைவிடப் பூச்சிகளை வரைவதில்தான் விருப்பம். பட்டாம்பூச்சி, வண்டு, கம்பளிப்புழு என்று எது கண்ணில் பட்டாலும் உட்கார்ந்து விடுவார். அதன் கால், கண், இறகு எல்லாவற்றையும் உற்றுப் பார்த்து வரைவார்.

17 வயதானபோது ரைலி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அது 1860-ம் ஆண்டு. இல்லினாய் மாநிலத்தில் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். மாடு மேய்த்தார். ஏர் பிடித்தார்.

அங்கேதான் அவர் ஒரு விஷயத்தைக் கண்ணால் கண்டார். குடியானவன் ஆண்டு முழுவதும் பாடுபடுகிறான். விளைந்து வரும் நேரத்தில் பூச்சி வந்து தின்றுவிட்டுப் போகிறது. அவனுக்கோ அந்தப் பூச்சியின் பெயர்கூடத் தெரியாது. எங்கிருந்து வந்தது, எங்கே முட்டையிடுகிறது, எப்போது சாகும் என்பதும் தெரியாது.

பூச்சியைத் தெரிந்துகொள்ளாமல் பூச்சியை ஜெயிக்க முடியாது என்பது ரைலியின் மனத்தில் பதிந்துவிட்டது.

பிறகு அவர் சிக்காகோ நகரத்துக்குப் போனார். விவசாயிகளுக்காக நடந்துவந்த ஒரு பத்திரிகையில் சேர்ந்தார். பூச்சிகளைப் பற்றி எழுதினார், படங்களும் வரைந்தார். 1864-ம் ஆண்டு உள்நாட்டு யுத்தத்தின்போது சில மாதங்கள் பட்டாளத்திலும் இருந்துவிட்டு, மறுபடியும் பேனாவைப் பிடித்தார்.

1868-ம் ஆண்டில் மிசௌரி மாநில சர்க்கார் அவரை அழைத்துப் பூச்சி நிபுணராக நியமித்தது. அந்த மாநிலத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர் அவர்தான். அப்போது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை.

திராட்சைக்கு வந்த ஆபத்து

அந்தக் காலத்தில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை ஒரு நோய் பிடித்து ஆட்டியது. கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப் போயின. வேரைத் தோண்டிப் பார்த்தால் பேன் போன்ற சிறு பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன.

அந்தப் பூச்சி அமெரிக்காவிலிருந்து போனதுதான் என்பதை நிலைநாட்டியவர்களில் ரைலி முக்கியமானவர். அமெரிக்கத் திராட்சையின் இலையில் கொப்புளம் கொப்புளமாக எழுப்பும் பூச்சியும், பிரான்சில் வேரைத் தின்னும் பூச்சியும் ஒன்றே என்று காட்டினார். அமெரிக்கக் கொடிகளின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும் சக்தி உள்ளது. ஆகவே அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். பிரான்சின் திராட்சை பிழைத்தது. இதற்காகப் பிரெஞ்சு சர்க்கார் 1874-ம் ஆண்டில் ரைலிக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

அதே சமயத்தில் ரைலி இன்னொன்றும் செய்து பார்த்தார். அமெரிக்காவில் அந்தத் திராட்சைப் பூச்சியைத் தின்று வாழும் சிறு உண்ணி ஒன்று உண்டு. 1873-ம் ஆண்டில் அந்த உண்ணியைப் பிரான்சுக்கு அனுப்பிவைத்தார். உண்ணி அங்கே பிழைத்துக்கொண்டது. ஆனால் திராட்சைப் பூச்சி குறையவில்லை.

முயற்சி தோல்விதான். ஆனாலும் ரைலி அந்த எண்ணத்தை விட்டுவிடவில்லை.

எண்ணம் இதுதான். ஒவ்வொரு பூச்சிக்கும் அது பிறந்த நாட்டில் ஓர் எதிரி இருக்கும். அந்த எதிரி அதைத் தின்று தின்று ஓர் அளவுக்குள் வைத்திருக்கும். பூச்சி மட்டும் செடியோடு ஒட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டால், அங்கே கேட்பாரில்லை. வேலியில்லாத வயலில் புகுந்த மாடு மாதிரிதான். அதை அடக்க வேண்டுமானால், அது பிறந்த ஊருக்குப் போய் அதன் எதிரியைத் தேடிப் பிடித்து வர வேண்டும்.

1870-களில் வெட்டுக்கிளிப் படை அமெரிக்க வயல்களை மொட்டையடித்தபோதும் ரைலி முன்னே நின்றார். 1877-ம் ஆண்டில் அதற்காக அமைத்த கமிஷனுக்கு அவரே தலைவர். 1878-ம் ஆண்டில் வாஷிங்டனில் மத்திய சர்க்காரின் விவசாய இலாகாவில் பூச்சி நிபுணர் ஆனார். அபிப்பிராய பேதத்தால் அடுத்த ஆண்டே விலகினார். 1881-ல் மீண்டும் அதே பதவிக்கு வந்தார்.

1883-ம் ஆண்டில் அவர் தம் எண்ணத்தை மறுபடி சோதித்தார். முட்டைக்கோஸைத் தின்னும் புழு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. அதை அழிக்கும் ஒரு சிறு குளவியை இங்கிலாந்திலிருந்து தருவித்தார். குளவி அமெரிக்க மண்ணில் குடியேறிவிட்டது. ரைலிக்கு நம்பிக்கை பிறந்தது.

பட்டையில் படிந்த பஞ்சு

இந்தச் சமயத்தில்தான் கலிபோர்னியாவில் ஆரஞ்சு மரங்கள் சாகத் தொடங்கின.

அந்தப் பூச்சிக்குப் பஞ்சுச் செதில் பூச்சி என்று பெயர். 1868-ம் ஆண்டு வாக்கில் வெளிநாட்டுச் செடி ஒன்றோடு அது கலிபோர்னியாவுக்கு வந்தது. குஞ்சாக இருக்கும்போது இலையின் அடியில் நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும். வளர வளரச் சிறு கிளைக்கும், பெரிய கிளைக்கும், அடிமரத்துக்கும் இறங்கும். பட்டையில் வாயைக் குத்தி அசையாமல் கிடந்து சாற்றை உறிஞ்சும்.

முதிர்ந்த பூச்சி தன் பின்பக்கத்தில் பஞ்சு போல ஒரு வெள்ளைப் பை கட்டும். அந்தப் பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். சில பைகளில் ஆயிரம்வரை இருக்கும்!

தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தின்மேல் பனி கொட்டியது போல இருக்கும். அருகே போனால் பட்டையே தெரியாது. பூச்சி கழிக்கும் இனிப்பு நீர் இலையெல்லாம் வழியும். அதன்மேல் கரி பூசினாற்போல் பூஞ்சணம் பிடிக்கும். இலை உதிரும். காய் சிறுக்கும். கடைசியில் மரம் பட்டுப் போகும்.

தோட்டக்காரர்கள் செய்யாத வைத்தியம் இல்லை. சோப்புக் கரைசல் தெளித்தார்கள். மண்ணெண்ணெய்க் கலவை அடித்தார்கள். மரத்தைக் கூடாரத் துணியால் மூடி விஷப் புகை போட்டார்கள். செலவு ஏறியதே தவிரத் தொல்லை தீரவில்லை. ஒரு தோட்டத்தில் அழித்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மறுபடி வந்தது. கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்கள் கலங்கினார்கள். நிலத்தின் விலை சரிந்தது.

1887-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ரிவர்சைடு என்ற ஊரில் பழத்தோட்டக்காரர்கள் மாநாடு கூடியது. ரைலி அங்கே போய்ப் பேசினார். இந்தப் பூச்சியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா என்றும், அங்கே ஒரு நிபுணரை அனுப்பி அதன் எதிரியைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்.

ஆஸ்திரேலியாவில் அந்தப் பூச்சி ஒரு தொல்லையாகவே இல்லை. அடிலெயிடு நகரத்தில் கிராபோர்டு என்பவர் அந்தப் பூச்சியின் உடம்புக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் ஒரு சிறு ஈயைக் கண்டுபிடித்திருந்தார். அந்தச் செய்தி ரைலிக்கு எட்டியது. அந்த ஈயின்மேல்தான் அவர் நம்பிக்கை வைத்தார்.

போகத் தடை!

ஆனால் ஒரு முட்டுக்கட்டை. பூச்சி இலாகா உத்தியோகஸ்தர்கள் சர்க்கார் செலவில் வெளிநாடு போகக் கூடாது என்று அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரஸ் விதி செய்திருந்தது. பணம் இருந்தும் ஆளை அனுப்ப வழியில்லை.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. 1888-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் பெரிய சர்வதேசப் பொருட்காட்சி ஏற்பாடாகியது. அதில் அமெரிக்கா பங்குகொள்ள ஒதுக்கிய பணத்திலிருந்து 2,000 டாலர் இந்த வேலைக்குக் கிடைத்தது. காட்சிக்குப் போகும் கோஷ்டியில் ஒருவராக ஒரு பூச்சி நிபுணரும் போகலாம்!

ரைலி தம் கீழ் கலிபோர்னியாவில் வேலை பார்த்துவந்த ஆல்பர்ட் கோபெல் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். கோபெல் ஜெர்மனியில் பிறந்தவர். அதிகம் பேசாதவர். ஆனால் பூச்சியைக் கண்டுபிடிப்பதில் கழுகுக் கண்.

1888-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் கோபெல் கப்பலேறினார்.

அடிலெயிடு தோட்டத்தில்

ஆஸ்திரேலியாவில் கோபெலுக்கு அந்தப் பஞ்சுச் செதில் பூச்சியைக் காண்பதே அரிதாக இருந்தது. கலிபோர்னியாவில் மரம் தெரியாமல் மூடிய பூச்சி, இங்கே தேடினாலும் கிடைக்கவில்லை. ரைலியின் எண்ணம் சரி என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

தேடித் தேடி ஈயைச் சேகரித்தார். அக்டோபர் 15-ந் தேதி வடக்கு அடிலெயிடுவில் ஒரு தோட்டத்தில் வேறு ஒன்றைக் கண்டார். சிவப்பும் கறுப்பும் கலந்த ஒரு குட்டிப் பொறிவண்டு. பஞ்சுச் செதில் பூச்சியின்மேல் உட்கார்ந்து அதை ருசித்துத் தின்றுகொண்டிருந்தது!

கோபெல் அதையும் விடவில்லை. பிடித்துப் பெட்டியில் அடைத்தார். பெட்டிகளைக் கப்பலில் ஐஸ் அறையில் வைத்து அனுப்பினார். குளிரில் வண்டுகள் உறங்கியபடியே சுமார் ஒரு மாதம் கடலில் வந்தன.

1888-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு முதல் தவணை வந்தது. உயிரோடு இருந்தவை 28. டிசம்பர் கடைசியில் 44. ஜனவரியில் 57. மொத்தம் 129 வண்டுகள்.

ஒரு மரம், ஒரு கூடாரம்

அவற்றைப் பெற்றுக்கொண்டவர் கோக்வில்லெட் என்ற நிபுணர். அவரும் ரைலியின் கீழ் வேலை செய்தவர்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் வுல்ப்ஸ்கில் என்பவரின் தோட்டத்தில் பூச்சி பிடித்த ஒரு ஆரஞ்சு மரத்தைத் துணிக் கூடாரத்தால் மூடினார். உள்ளே வண்டுகளை விட்டார்.

வண்டுகள் பஞ்சுப் பைகளின்மேல் சிவப்பு முட்டைகளை இட்டன. முட்டையிலிருந்து வந்த புழுக்கள் பைக்குள் புகுந்து செதில் பூச்சியின் முட்டைகளைத் தின்றன. வளர்ந்ததும் இலையிலும் பட்டையிலும் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆயின. கூடு வெடித்து வெளியே வந்தவை மறுபடி பூச்சியைத் தின்றன. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வண்டாக ஒரு மாதம்கூட ஆகாது. செதில் பூச்சி ஒரு தலைமுறை பெருகுவதற்குள் வண்டு அதை முந்திக்கொண்டு பெருகிவிடும்.

1889-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கியபோது கூடாரத்துக்குள் இருந்த மரத்தில் செதில் பூச்சியே இல்லை. பட்டை மீண்டும் பட்டையாகத் தெரிந்தது!

கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். வண்டுகள் பக்கத்து மரங்களுக்குப் பறந்தன. செய்தி பரவியது. தோட்டக்காரர்கள் வண்டு கேட்டு வந்தார்கள். ஜூன் 12-ந் தேதிக்குள் 208 தோட்டக்காரர்களுக்கு 10,555 வண்டுகளைக் கொடுத்தாகிவிட்டது. கோடாரி எடுத்த கைகள் வண்டுகளைப் பத்திரமாகத் தாங்கிக்கொண்டு வீடு திரும்பின.

ஓர் ஆண்டுக்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் ஜில்லாவிலிருந்து வெளியூருக்குப் போன ஆரஞ்சு, 700 ரயில் பெட்டிகளிலிருந்து 2,000 ரயில் பெட்டிகளாக உயர்ந்தது.

புகழ் யாருக்கு?

தோட்டக்காரர்கள் கோபெலைக் கொண்டாடினார்கள். தங்கக் கடிகாரம் பரிசளித்தார்கள். அவர் மனைவிக்கு வைரத் தோடு கொடுத்தார்கள்.

ரைலியைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. அது அவர் மனத்தைப் புண்படுத்தியது. பூச்சியின் பிறந்த நாட்டுக்குப் போய்த் தேட வேண்டும் என்று சொன்னவர் அவர். கோபெலைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். ஆனால் அவர் நம்பியிருந்தது ஈயை, வென்றது வண்டு. அந்த வண்டைக் கண்ணால் கண்டு பிடித்து அனுப்பியவர் கோபெல். பணத்துக்கு வழி செய்தவர்கள் வேறு சிலர். எனவே யாருக்கு எவ்வளவு பெருமை என்று கலிபோர்னியாவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே கசப்பான சச்சரவு மூண்டது.

ரைலி சுலபமாகப் பழகக்கூடியவர் அல்ல. கோபக்காரர். தம் உழைப்பின் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டார். அவர்கீழ் வேலை செய்தவர்களே அதனால் வருந்தியது உண்டு. ஆனாலும் எண்ணம் இல்லாமல் கப்பல் புறப்பட்டிருக்காது. கண் இல்லாமல் வண்டு கிடைத்திருக்காது. இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் ஆரஞ்சு மரம் பிழைத்திருக்காது.

அதே 1889-ம் ஆண்டில் பிரெஞ்சு சர்க்கார் ரைலிக்கு உயர்ந்த விருது ஒன்றை அளித்துக் கௌரவித்தது.

ரைலி வாழ்நாள் முழுவதும் சேர்த்த பூச்சிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அத்தனையையும் அவர் 1885-ம் ஆண்டிலேயே வாஷிங்டன் பொருட்காட்சி சாலைக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். இன்று அங்கே உள்ள பிரம்மாண்டமான பூச்சிச் சேகரிப்புக்கு அதுதான் அஸ்திவாரம்.

வீதியில் கிடந்த கல்

1894-ம் ஆண்டில் ரைலி உத்தியோகத்திலிருந்து விலகினார். உடம்பு தளர்ந்திருந்தது. ஆனால் ஆராய்ச்சியை விடவில்லை.

1895-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி வாஷிங்டன் நகரில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சரிவான வீதி. சைக்கிள் வேகமாக இறங்கியது. ஏதோ வண்டியிலிருந்து விழுந்த ஒரு கருங்கல் வீதியில் கிடந்தது. முன்சக்கரம் அதில் மோதியது. ரைலி தூக்கி எறியப்பட்டார். மண்டையில் பலத்த அடி. அன்றே உயிர் பிரிந்தது.

இன்னும் நான்கே நாளில் அவருக்கு 52 வயது நிறைந்திருக்கும்.

மறந்தவர்களுக்குப் பாடம்

வண்டின் பிரயாணம் நிற்கவில்லை. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிற்று. நமது நீலகிரி மலையிலும் 1920-களின் பிற்பகுதியில் வாட்டில் மரங்களைப் பஞ்சுச் செதில் பூச்சி பிடித்தது. இங்கேயும் அந்தப் பொறிவண்டை வரவழைத்து விட்டார்கள்.

கலிபோர்னியாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் செதில் பூச்சி தலைதூக்கவில்லை. பிறகு 1940-களின் பிற்பகுதியில் டி.டி.டி. என்ற புது மருந்து வந்தது. வேறு பூச்சிகளைக் கொல்வதற்காக அதை ஆரஞ்சுத் தோட்டங்களில் தெளித்தார்கள். மருந்து பொறிவண்டையும் கொன்றது. செதில் பூச்சியை அவ்வளவாகக் கொல்லவில்லை. காவல்காரன் செத்தான், திருடன் பிழைத்தான்! தோட்டங்களில் மறுபடியும் வெள்ளைப் பஞ்சு படர்ந்தது. மருந்தை மாற்றி, வண்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட பிறகே பழைய நிலை வந்தது.

இப்போது ஓர் உயிரை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவதில் எச்சரிக்கை அதிகம். கலபகோஸ் தீவுகளில் இதே செதில் பூச்சி அரிய செடிகளை அழித்தபோது, உடனே வண்டை விட்டுவிடவில்லை. அந்த வண்டு தீவின் மற்றப் பூச்சிகளைத் தின்றுவிடுமோ என்று ஆண்டுக்கணக்கில் கூண்டில் வைத்துச் சோதித்தார்கள். ஆபத்தில்லை என்று உறுதியான பிறகே, 2002-ம் ஆண்டில் வண்டை வெளியே விட்டார்கள்.

பூச்சி என்றால் எல்லாம் பகை என்று எண்ணுவது மனித சுபாவம். அவற்றில் பகையும் உண்டு, உறவும் உண்டு என்று ரைலி காட்டினார். மருந்துக் குப்பியைத் திறப்பதற்குமுன் மரத்தருகே போய்ப் பட்டையையும் இலையையும் உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே மிளகளவில் ஒரு சிவப்புப் பொறிவண்டு ஊர்ந்துகொண்டிருக்கலாம்.

அது தோட்டக்காரனிடம் கூலி கேட்காத வேலையாள்.